மாடியில் எத்தனை பேர்?

நகரமைப்பு வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலைந்து பேர் போன வாரம் என்னைப் பார்க்க வந்தபோது, ஒருவர் கேட்டார்: "இத்தனை வருஷ சர்வீஸ்ல உங்களுக்கு ரொம்பப் பெருமையான வேலை எது சார்?" நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். என்னைப் பற்றி ஊரில் பெருமையாகச் சொல்கிற சம்பவம் ஒன்று உண்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். வாயால் சொல்ல வரவில்லை. எழுதிக் கொடுத்துவிடுகிறேன். படம் போடுவதையும் அளவெடுப்பதையும் கோப்பு எழுதுவதையும் அலுவலகமே உங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடும். இதைக் கற்றுக்கொடுக்காது.

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலை அப்போது மாவட்டத் தலைநகரம் ஆகவில்லை. வட ஆற்காட்டில் அது ஒரு கோயில் ஊர், அவ்வளவுதான். எனக்கு வயது முப்பத்தொன்று. சின்ன அலுவலகம் ஒன்றில் படம் வரைபவனாக இருந்தேன். மாட வீதிகளில் லாட்ஜ்கள் மாடிமேல் மாடியாக எழும்பத் தொடங்கியிருந்த நேரம். கோபுரத்தைச் சுற்றி எத்தனை மாடி வரை விடலாம் என்று மேலிடத்தில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதற்காக ஓர் ஒப்பீட்டுப் படம் வேண்டும் என்று மேலதிகாரி என்னிடம் சொன்னார். பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ், வெளிநாட்டு ஊர் இரண்டு, கடைசியில் நம் ஊர். தூரத்தில் நின்று பார்த்தால் ஒவ்வொரு ஊரும் வானத்தில் எப்படித் தெரிகிறது, கட்டடங்கள் எவ்வளவு உயரம், எவ்வளவு நெருக்கம் என்பதெல்லாம் ஒரே தாளில், ஒரே அளவில் வரவேண்டும்.

அதுவரை நான் வரைந்ததெல்லாம் கழிவுநீர்க் கால்வாயும் கடைத் திண்டும்தான். இந்த வேலை கையில் வந்ததும் தலைகால் புரியவில்லை. பம்பாயை நான் பார்த்தது கிடையாது. மெட்ராஸில் மவுண்ட் ரோட்டின் பதினாலு மாடியை பஸ் ஜன்னல் வழியாக இரண்டு முறை பார்த்திருக்கிறேன். பழைய பத்திரிகைகளில் வந்த படங்களை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்து மாடிகளை எண்ணி, கறுப்பு மையில் ஒவ்வொரு ஊரையும் நிழலாக இறக்கினேன். வெளிநாட்டு ஊர் சீப்பைத் திருப்பி வைத்த மாதிரி வந்தது. பம்பாய் கடலோரமாக உயர்ந்து உள்ளே போகப் போகத் தாழ்ந்தது. மெட்ராஸ் பெரும்பாலும் தட்டைதான், நடுவில் அங்கங்கே ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. நம் ஊரை வரைந்தேன். பின்னால் மலை, முன்னால் பதினொரு நிலைக் கோபுரம், அதற்குக் கீழே நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. அந்தக் கோடுதான் மனிதர்கள் இருக்கிற வீடுகள்.

நெருக்கம் கணக்கிட வீடு வீடாகப் போய் நீள அகலம் எடுத்தேன். எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். அட்டவணையில் உயரத்திலும் நம் ஊர் கடைசி, நெருக்கத்திலும் கடைசி. வேலை முடிந்தது என்று தட்டச்சுக்குக் கொடுத்தேன்.

தட்டச்சு செய்யும் அம்மா உள்ளூர்க்காரர். பாதிப் பக்கம் அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இது எந்த நாளைக்கு எடுத்த கணக்கு சார்?"

"சாதாரண நாள்லதாம்மா. ஏன்?"

"இல்ல, தீபத்தன்னைக்கு எங்க வீட்டுலயே அறுபது பேரு இருப்போம். இதுல எங்க வீட்டுக்கு அஞ்சு பேருன்னு போட்டிருக்கு. அதான் கேட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. அட்டவணையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். தீபத்தன்று மாட வீதியில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மாடிகளில் நிற்கும் தலைகளை எண்ணிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் புதிதாகக் கட்டிய மூன்று மாடி லாட்ஜ் ஒன்றின் மொட்டை மாடியில் ஏறி நின்றுவிட்டேன். அந்த வாரம் முழுக்க மழை. அன்றைக்கு மட்டும் வானம் விட்டிருந்தது. கீழே தெருவில் தார் தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. பத்துத் தலைக்கு ஒரு கோடு என்று நோட்டில் போட்டுக்கொண்டே வந்தேன். எதிர்ப்பக்கம் இரண்டாவதாக இருந்த வீட்டை எண்ணும்போது என் பென்சில் நிற்கவேயில்லை. அது பாத்திரக்கடை கோவிந்தன் வீடு. கீழே கடை, மேலே குடியிருப்பு, அதற்கு மேல் மொட்டை மாடி. இருபத்து நாலு கோடு போட்டேன். இருநூற்று நாற்பது பேர். படியிலிருந்து இன்னும் தலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. என் அட்டவணையில் அந்த வீட்டுக்கு நேராக 'குடியிருப்போர் ஒன்பது' என்று இருந்தது.

அந்த எண்ணைப் பார்த்ததும் முதலில் எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. பம்பாயைத் தோற்கடிக்கிற நெருக்கம் நம் ஊரில் கிடைத்துவிட்டது, மேலதிகாரி ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தோடுதான் வகுத்துப் பார்த்தேன். மாடியின் நீளம் நாற்பது அடி, அகலம் இருபத்து நாலு. நானே அளந்தது. ஆளுக்கு நாலு சதுர அடி. பிறகு சும்மா ஒரு ஆர்வத்தில் எடையையும் போட்டுப் பார்த்தேன். குழந்தைகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தாலும் நூற்றைம்பது நெல் மூட்டைக்கு மேல் வந்தது.

அப்போதுதான் பென்சில் கையிலிருந்து நழுவியது. நூற்றைம்பது மூட்டையை அந்த மாடியில் அடுக்கச் சொன்னால் கோவிந்தன் ஒப்புக்கொள்வாரா? என்னை வீட்டை விட்டே துரத்துவார். அது பழைய கட்டடம். ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு மரக்கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்ட தளம். போதாததற்கு மூட்டை வைத்த இடத்தில் கிடக்கும், மனிதன் கிடக்க மாட்டான். ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் இருநூற்று நாற்பது பேரும் ஒரே மூச்சில் எழும்பிக் கையைத் தூக்குவார்கள்.

மணி நாலேகால்.

தெருவின் அகலம் நாற்பதடிகூட இருக்காது. கடக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. போகும்போதே ஒன்று உறைத்தது. எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. நான் படம் வரைகிறவன். எதிரே வந்த போலீஸ்காரர் ஒருவரிடம் சொல்ல வாயெடுத்தேன். கூட்டம் அவரையும் என்னையும் இரண்டு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கடைக்குப் பக்கத்துப் படியேறி முதல் மாடிக் கூடத்துக்குப் போனேன். கோவிந்தனின் மனைவி தனம் கையில் துடைப்பத்தோடு நின்றிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். அளவெடுக்க வந்த நாளில் மோர் கொடுத்தவர்.

"வாங்க சார். நீங்களும் தீபம் பாக்கவா? மேல போங்க, எடம் இருக்கும்."

"ஏங்க, எதைப் பெருக்கறீங்க?"

"இதான் பாருங்க. காலையில இருந்து நாலு வாட்டி பெருக்கிட்டேன். மேலேருந்து சுண்ணாம்பு கொட்டிக்கினே கீது. சோத்துப் பானையெல்லாம் மூடி வெச்சிருக்கேன்."

அண்ணாந்து பார்த்தேன். கூடத்தின் நடுவில், கட்டைகளுக்குக் குறுக்காக, பூச்சில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். காலடிச் சத்தம் மேலே 'தம் தம்' என்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்த விரிசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது நீள்கிற மாதிரி இருந்தது. நீளாத மாதிரியும் இருந்தது.

பின்சந்தில் கரீம் பாய் குடியிருந்தார். அந்தத் தெருவின் பழைய வீடுகள் எல்லாவற்றுக்கும் அவர்தான் மேஸ்திரி. தனம் பின் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டதும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி, பூச்சுக் கரணையின் பிடியால் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். இறங்கும்போது முகம் மாறியிருந்தது.

"சத்தம் சரியில்ல சார்."

"எந்த இடத்துல பாய்?"

"அதான் புடிபடல. மேல இவ்ளோ பேரு நடக்கறப்ப எல்லாமே ஒரே சத்தமா கீது. எங்கயோ ஒரு கட்டை வீக்கு. எதுன்னு சொல்லத் தெரியல."

"நடுவுல விரிசல் இருக்கே?"

"விரிசல் இருக்கு. ஆனா விரிசலை வெச்சு சொல்ல முடியாது சார்."

இந்த வார்த்தையை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். நான் அன்று குறித்துக்கொள்ளவில்லை.

இதற்குள் கோவிந்தன் மேலேறி வந்துவிட்டார். பட்டையாக விபூதி, புது வேட்டி. நான் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தார். பிறகு கோபப்பட்டார்.

"எங்க தாத்தா கட்டினது சார் இது. வருஷா வருஷம் ஏறுறாங்க. இன்னைக்கு மட்டும் இன்னா வந்துச்சு? மேல நிக்கறதெல்லாம் யாரு தெரியுமா? என் தங்கச்சி வீட்டுக்காரங்க, அடி அண்ணாமலையில இருந்து வந்த சொந்தக்காரங்க, கடைக்கு இருபது வருஷமா வர்ற ஜனங்க. தீபத்தன்னைக்கு எறங்கி வெளியில போன்னு சொன்னா அப்புறம் என் மூஞ்சில முழிப்பாங்களா?"

"விழுந்துட்டா?"

"நீங்க எழுதிக் குடுப்பீங்களா, விழும்னு?"

எழுதிக் கொடுக்க முடியாது. விழும் என்று எனக்குத் தெரியாது. விழாது என்றும் தெரியாது. உங்கள் வேலையில் பெரும்பாலான நாட்கள் இப்படித்தான் இருக்கும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்வியை யாராவது உங்களிடம் கேட்பார்கள்.

மணி ஐந்து ஆகப் பத்து நிமிஷம்.

நான் படியில் நின்று மேலே பார்த்தேன். ஒருவர் இறங்கினால் இன்னொருவர் சுவரோடு ஒண்டிக்கொள்ள வேண்டிய குறுகலான படி, நடுவில் ஒரு திருப்பம். 'மாடி தாங்காது, எல்லாரும் இறங்குங்க' என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். இருநூற்று நாற்பது பேரும் இந்த ஓட்டையை நோக்கித்தான் ஓடி வருவார்கள். தளம் விழுந்து சாவதற்கு முன்னால் படியில் மிதிபட்டே நாலு பேர் செத்துப்போவார்கள். கத்தாமல் விட்டால் ஆறு மணி வந்துவிடும். இரண்டில் எது குறைந்த பாவம் என்று யோசித்துக்கொண்டிருந்தேனே தவிர, மூன்றாவதாக ஒரு வழி இருக்குமா என்று என் மூளைக்கு எட்டவில்லை. பயம் வந்தால் கண் குறுகிப்போகும். படியைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தனம்தான் கேட்டார். "ஏன் சார், கீழதான் எறக்கணுமா? பக்கத்து மாடிக்கு அனுப்பக் கூடாதா?"

அந்தத் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். கோவிந்தன் வீட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் சந்து, மறுபக்கம் ஒட்டி நின்றது அவர் தம்பி வீடு. ஐந்து வருஷத்துக்கு முன் பாகம் பிரிந்தபோது தம்பி தன் பங்கை இடித்துவிட்டு, கம்பி போட்டு கான்கிரீட்டில் கட்டிக்கொண்டார். இரண்டு மாடிக்கும் உயரம் ஒன்றுதான். நடுவில் இடுப்பளவு ஒரு சுவர். அதன் மேல் வரிசையாகக் கண்ணாடிச் சில்லு பதித்திருந்தது. இரண்டு குடும்பமும் பேசி ஐந்து வருஷம் ஆகிறது.

"அவன் மாடிக்கா?" என்றார் கோவிந்தன். "செத்தாலும் அவன்கிட்ட போயி..."

தனம் அவரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க போக வேணாம். நான் கேக்கறேன். ஓரகத்திதானே."

தனமும் கரீம் பாயும் நானும் மேலே போனோம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தச் சுவரருகே போய்ச் சேரவே பெரும்பாடாக இருந்தது. என் காலுக்குக் கீழே தளம் எப்படி இருக்கிறது என்பதைத் தவிர வேறெதுவும் மனசில் ஓடவில்லை. அந்தப் பக்கம் ஐம்பது அறுபது பேர் நின்றிருந்தார்கள். நடுவே தம்பி மனைவி ரஞ்சிதம், தட்டில் அகல் விளக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மலையில் தீபம் தெரிந்த பிறகுதானே வீட்டில் விளக்கேற்றுவார்கள்.

"ரஞ்சிதம்."

அவர் நிமிர்ந்தார். யார் கூப்பிட்டது என்று தெரிந்ததும் முகம் இறுகியது. "என்னா?"

தனம் குரலைத் தாழ்த்தி, சுவர்மேல் குனிந்து சொன்னார். "எங்க மாடி தாங்காது போலருக்கு. ஆபீஸ்லேருந்து சார் வந்து சொல்றாரு. சத்தம் போட்டா ஜனம் பயந்து ஓடும். உங்க பக்கமா அனுப்பறேன். வாங்கிக்க."

ரஞ்சிதம் எங்களைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்தார். கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"கொழந்தைங்கள முதல்ல குடு."

கரீம் பாய் கடையிலிருந்து சாக்குகளை அள்ளிக்கொண்டு வந்து, எட்டு மடிப்பாக மடித்துச் சில்லுகள்மேல் போட்டார். இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு. தனம் கூட்டத்துக்குள் போனார். யாரையும் மொத்தமாகக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு குடும்பமாக, பேர் சொல்லி, காதோடு பேசினார். "அலமேலு, கைக்கொழந்தைய வெச்சிக்கினு இங்க நசுங்காத. அந்த மாடில எடம் இருக்கு. மலை இன்னும் நல்லாத் தெரியும். பாரம் ஜாஸ்தியாயிட்ச்சு, கொஞ்ச பேரு அங்க போனாத்தான் நல்லது." பொய் எதுவும் சொல்லவில்லை. உண்மையை ஒருவருக்குத் தாங்குகிற அளவு மட்டும் சொன்னார்.

எனக்கு அடுத்த கவலை வந்தது. ஒரு மாடியின் பாரத்தை எடுத்து இன்னொரு மாடியில் வைக்கிறேனே, அது தாங்குமா? கான்கிரீட் என்றாலும் அதற்கும் ஓர் அளவு உண்டு. சுவரேறிக் குதித்து, அந்த வீட்டுப் படியைப் பார்த்தேன். அகலமான படி. பின்னால் காலி மனை, அங்கிருந்தும் மலை உச்சி தெரிந்தது. வருகிறவர்களை நிற்க விடாமல் அப்படியே கீழே காலி மனைக்கு இறக்கிவிடும்படி ரஞ்சிதத்திடம் சொன்னேன். "சரி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் படித் தலைப்பில் நின்றுகொண்டார். நூறு பேருக்குமேல் மாடியில் சேரவிடாமல் எண்ணிக்கொண்டே இருந்தார்.

மறுபடி எங்கள் பக்கம் வந்தபோது, படிக்குக் கீழே கோவிந்தன் குரல் கேட்டது. "மேல எடம் இல்லப்பா. இனிமே யாரும் ஏறக் கூடாது." நான் சொன்னதை அவர் நம்பினாரோ இல்லையோ, கீழ்ப்படியில் உட்கார்ந்து வழியை அடைத்துக்கொண்டார். அதுவரை குழாய் கொட்டிக்கொண்டே இருக்கும் தொட்டியில் நாங்கள் ஓட்டைப் பானையால் மொண்டுகொண்டிருந்தோம். அதற்குப் பிறகுதான் கூட்டம் குறையத் தொடங்கியது.

ஐந்தரைக்கு நூற்றைம்பது பேர் இருந்தார்கள். ஐந்தே முக்காலுக்கு எண்பது. என் நோட்டு எங்கேயோ விழுந்துவிட்டது, விரலால் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு ஆகப் பத்து நிமிஷம் இருக்கும்போது நாற்பத்தைந்து பேர் மிச்சம். அதோடு ஓட்டம் நின்றுபோனது. யாரும் அசையவில்லை. எல்லாக் கண்ணும் மலை உச்சியில்.

"ஐயா, கொஞ்சம் அந்தப் பக்கம் போயிடுங்க" என்று ஒருவர் தோளைத் தொட்டேன். அடி அண்ணாமலையிலிருந்து வந்த விவசாயி. கோபப்படவில்லை, கெஞ்சினார். "அஞ்சு நிமிஷம் சார். தீபம் பாத்துட்டு நானே மொத ஆளா எறங்கிடறேன். இப்ப சுவரேறிக்கினு இருந்தா பாக்க முடியாது சார்."

இழுத்துத் தள்ளினால் தள்ளுமுள்ளு ஆகும். மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்க நேரம் இல்லை. நடு விரிசல் என் கண்ணுக்குள்ளேயே நின்றது. நடுவில் கனம் இருந்தால்தான் கட்டை வளையும், ஓரத்தில் சுவருக்குப் பக்கத்தில் இருந்தால் பாரம் சுவரில் இறங்கிவிடும் என்று படித்த பாடம் ஞாபகம் வந்தது. தம்பி வீட்டுப் பக்கம் பெஞ்சும் சாக்குமாக இருந்தது. எதிர்ப் பக்கம், சந்துப் பக்கச் சுவரோரம் இடம் காலியாக இருந்தது.

"எல்லாரும் சந்துப் பக்கம் சுவரோரமா வரிசையா உட்காருங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நடுவுல யாரும் நிக்காதீங்க. தீபம் தெரிஞ்சாலும் எழுந்திருக்கக் கூடாது. உட்கார்ந்தபடியே கும்பிடுங்க. இது மட்டும் எனக்காகச் செய்ங்க."

தனம் முதலில் போய் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். கரீம் பாய் என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது, சொல்லவில்லை. அவரும் ஓரமாகக் குந்திக்கொண்டார்.

தீபத்தை அந்த வருஷம் நான் பார்க்கவில்லை. மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ளங்கையைத் தளத்தில் பதித்து உட்கார்ந்திருந்தேன். ஊர் முழுக்க ஒரு நொடி மூச்சே இல்லை. பிறகு "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று நாலா பக்கமும் ஒரே குரலாக எழும்பியது. தம்பி வீட்டு மாடியில் ஜனங்கள் எழும்பிக் குதித்தார்கள். எதிர் லாட்ஜில் குதித்தார்கள். என் கைக்குக் கீழே தளம் கொதிக்கிற இட்லிப் பானையின் மூடி மாதிரி அதிர்ந்தது. எங்கள் மாடியில் நாற்பத்தைந்து பேரும் கையை மட்டும் தூக்கினார்கள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, குரல் உடைந்தது, ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. நான் கேட்டுக்கொண்ட அந்த ஒன்றை அவர்கள் செய்தார்கள்.

பிறகு ஒவ்வொருவராக இறக்கினோம். கடைசி ஆள் படியில் இறங்கி மறைந்த பிறகும் நான் தளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கரீம் பாய் என் கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

எதுவும் விழவில்லை. மறுநாள் கோவிந்தன் கடை வாசலில் நின்று, "நின்னுச்சா இல்லையா சார்?" என்று கேட்டார். தேரடியில் இரண்டு பேர் என்னைக் காட்டி, 'மாடி இடியுதுன்னு கதை கட்டினவரு' என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. நான் செய்தது சரிதானா என்று அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கே சந்தேகம். நாங்கள் எதுவும் செய்யாமலே அது நின்றிருக்கும் என்றால், நாற்பது குடும்பத்தின் ஒரு வருஷத் தரிசனத்தைக் கெடுத்தவன் நான். விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. மழை பெய்கிற நாளில் அந்தப் பக்கம் போய் வீடு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.

சித்திரை மாதம் தனம் பிடித்த பிடியில் கோவிந்தன் தளத்தைப் பிரித்துப் போட ஒப்புக்கொண்டார். இரண்டாம் நாள் கரீம் பாய் ஆளனுப்பினார். போனேன்.

நடுவில் விரிசல் இருந்த இடத்துக் கட்டையை அவர் முதலில் காட்டினார். கோடாலியால் ஒரு போடு போட்டார். கோடாலி எம்பித் திரும்பியது. தேக்கு, இரும்பு மாதிரி இருந்தது. விரிசல் வெறும் பூச்சில்தான். பிறகு என்னை ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சந்துப் பக்கச் சுவர். அதன் மூலையில் மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் பல வருஷமாகச் சுவருக்குள்ளேயே கசிந்திருந்தது. பக்கத்து மூன்று கட்டைகளின் நுனியும் சுவருக்குள் மக்கிப்போய், கரையான் தின்று, மேலோடு மட்டும் நின்றது. கரீம் பாய் கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்து என் முன்னால் விரித்தார். தவிடு மாதிரி உதிர்ந்தது.

"இந்த ஓரத்துலதான் சார் உட்கார வெச்சீங்க" என்றார். குற்றம் சொல்லவில்லை. எனக்குத் தெரியவேண்டும் என்று சொன்னார்.

நான் அந்தத் தவிட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோவிந்தன் வந்தார். எட்டிப் பார்த்தார். முகம் வெளிறிப்போய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க சார். நீங்க சொன்னதுதான் சரி. அன்னைக்கு நீங்க வரலைன்னா என் குடும்பமே போயிருக்கும்." எந்த ஓரத்தில் உட்கார வைத்தேன் என்பதை நான் சொல்லவில்லை. அந்த நன்றியை அப்படியே வாங்கிக்கொண்டேன். அன்று முதல் ஊரில் என் பெயர் ஏறியது. நீங்கள் கேள்விப்பட்டதும் அதுதான்.

இருநூற்று நாற்பது பேர் நாற்பத்தைந்து ஆனதால்தான் அந்த மாடி நின்றது. அதைச் செய்தவர்கள் இரண்டு ஓரகத்திகளும் ஒரு மேஸ்திரியும். என் சொந்த யோசனை என்று அன்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது நாற்பத்தைந்து பேரைக் கொண்டுபோய் மக்கிய கட்டைமேல் உட்கார வைத்தது. எங்கே பழுது என்று தெரியாது என்று மேஸ்திரி சொன்ன பிறகு, தெரிந்த மாதிரி நடந்துகொண்டேன். தெரியாதபோது பாரத்தைக் குறைக்கலாம். பாரத்தை எங்கே வைப்பது என்று புத்திசாலித்தனம் காட்டக் கூடாது.

இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், கோவிந்தன் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்துத் தனத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி வீட்டுப் பின்கட்டில், ரஞ்சிதத்தோடு சேர்ந்து முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் கேட்டார்.

"தெரியும் சார். பிரிக்கும்போது நானும்தான் பாத்தேன். அந்த ஓரத்துல மொத ஆளா உட்கார்ந்தது நான்தானே."

அவர் மாவைத் திருப்பிப் போட்டார்.

"அடுத்த வாட்டி ஒருத்தரைக்கூட விட்டு வைக்காதீங்க சார். கெஞ்சினாலும் எறக்கிடுங்க."